கோலாலம்பூர் என்று விற்றுவிட்டு எங்கே இறக்கிவிடுகிறீர்கள்?

சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா போகப் பணம் கட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒரு நிமிடம் நின்று இதைப் படியுங்கள். விளம்பரத்தில் இரட்டைக் கோபுரத்தின் படத்தைப் போட்டு, கீழே பெரிதாகக் ‘கோலாலம்பூர்’ என்று அச்சடித்திருப்பார்கள். அந்த ஊரில் கடலே கிடையாது! கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில். அதுவும் ஊருக்குள் இல்லை, புலாவ் இண்டா என்ற தீவில். அங்கிருந்து கோபுரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். எழும்பூருக்கு டிக்கெட் வாங்கினவனைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டால் சும்மா இருப்பானா?

என் அம்மா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகனுக்காக. 272 படி ஏற முழங்கால் விடாது. 140 அடிச் சிலைக்குக் கீழே நின்று மனசாரக் கும்பிட்டால் போதும் என்றுதான் வந்தார். கப்பல் காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் முதலில் கப்பல்காரர்களிடமே சுற்றுலா வாங்கியவர்களை இறக்கினார்கள். எங்களுக்கு டோக்கன், வரிசை, குடிநுழைவு, மறுபடியும் வரிசை. வெளியே வந்து வண்டி பிடித்தால் வழியெல்லாம் நெரிசல். மாலை 4 மணிக்குள் திரும்பி ஏறியாக வேண்டும். அம்மா கும்பிட்ட கை இறங்குவதற்குள் டிரைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகள் கோபுரத்தைப் பார்க்கவே இல்லை.

தனியாகப் போகிறவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் வந்து சேர வேண்டும் என்று முந்தின நாளே பயமுறுத்துகிறார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தால் காத்திருப்போம் என்கிறார்கள். அந்த பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று குழந்தைக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். பயத்தை வைத்துத்தானே இந்த வியாபாரம்?

துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளான் ஒன்றும் மட்டமான ஊர் இல்லை. தெங்கு கிளானா சாலையில் லிட்டில் இந்தியா இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, புடவைக்கடை எல்லாம் தமிழில் பேசியே முடித்துவிடலாம். கோலாலம்பூரைவிடப் பக்கம். அதை ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் பஸ் டிக்கெட் விற்காதே! பினாங்குக்குப் போகும் கப்பல்களும் இருக்கின்றன. அங்கே கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில். வயதானவர்களுக்கு அதுதான் சரியான துறைமுகம். முன்பதிவு செய்துகொடுத்த ஆளிடம் அம்மாவின் கால் வலியைச் சொல்லித்தான் கேட்டோம். அப்போது ஏன் வாய் திறக்கவில்லை?

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. ரோம் என்பார்கள், கப்பல் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும். பாங்காக் என்பார்கள், 100 கிலோமீட்டருக்கு அப்பால் லாம் சபாங்கில் நிற்கும். பாரிஸ் என்று விற்பது லே ஆவ்ர் துறைமுகத்தை, சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர்!

கப்பல் நிற்கும் துறைமுகத்தின் உண்மையான பெயர், அங்கிருந்து ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், கரையில் கால் வைத்ததிலிருந்து எத்தனை மணி நேரம் கிடைக்கும். கப்பல்காரர்களே, இந்த மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே, விலையைப் போட்டிருக்கும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். அதற்கப்புறம் பணம் கேளுங்கள்.