கூட்டினீர்கள், சரி. கழித்தீர்களா?

ஒரு விழாவின் பொருளாதாரத் தாக்கம் பற்றி வெளிவந்த அறிக்கையின் கீழே நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு வந்த பதில்களை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. விழா நடந்தது, கூட்டம் வந்தது, வட்டாரப் பொருளாதாரத்துக்கு இத்தனை கோடி லாபம் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டேன். "நல்லது நடந்தால் உங்களுக்குப் பொறுக்காதா?" என்றார் ஒருவர். "வீட்டில் உட்கார்ந்து குறை சொல்வது சுலபம்" என்றார் இன்னொருவர். அந்தப் பதிலுக்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வந்தவர்களின் எண்ணிக்கையைத் தலைக்கு இவ்வளவு செலவு என்று ஒரு சராசரியால் பெருக்குகிறார்கள். வந்த விடையை மறுபடி ஒரு பெருக்கியால் பெருக்குகிறார்கள், அதாவது செலவான ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி வட்டாரத்தில் எத்தனை ரூபாய் ஆகிறது என்று சொல்லும் எண்ணால். இப்படிக் கிடைப்பதற்குப் பெயர் தாக்கம் இல்லை. விழா நடந்ததால், அது நடந்ததால் மட்டுமே, வட்டாரத்துக்குள் புதிதாக வந்து அங்கேயே தங்கிய பணம்தான் தாக்கம். அது தெரிய வேண்டுமென்றால் விழா நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, அந்தத் தொகையைக் கழிக்க வேண்டும். நான் கேட்டது அதைத்தான். கழித்தீர்களா?

உள்ளூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு விழாவுக்குப் போய்ச் செலவு செய்கிறார். விழா இல்லையென்றால் அந்தப் பணத்தை அதே மாதத்தில் அதே வட்டாரத்திலேயே வேறு எதற்காவது செலவழித்திருப்பார். அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறிய பணம். அதைக் கழிக்க வேண்டும். வெளியூர்க்காரர்களிலும் எப்படியும் வருவதாக இருந்து, பயணத் தேதியை மட்டும் விழாவுக்காக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. வேறு வேலையாக வந்து போகிற வழியில் எட்டிப்பார்த்தவர்களும் உண்டு. அவர்களையும் கழிக்க வேண்டும். நெரிசலுக்கும் விலையேற்றத்துக்கும் பயந்து இந்தப் பக்கமே வராமல் போனவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களை யாரும் எண்ண முடியாது, ஏனென்றால் அவர்கள் வாசலுக்கே வருவதில்லை. 2012 ஒலிம்பிக்கின்போது லண்டனில் இதுதான் நடந்தது. போட்டிகள் நடந்த ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் கூட்டம் குறைந்தது. ஒலிம்பிக்குக்கே இந்தக் கதி என்றால் மற்ற விழாக்களைப் பற்றிக் கேட்கக் கூடாதா?

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நிகழ்ச்சியின் கணக்கெடுப்புக் குழுவில் நான் இருந்தேன். எந்த நிகழ்ச்சி, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். வெயிலில் வாசலில் நின்று, கையில் அட்டையும் படிவமுமாக வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கும் வேலை. பக்கத்தில் ஒரு பையன் கை எண்ணியை வைத்து, உள்ளே போகும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருப்பான். காலையில் போய், மதியம் வெளியே வந்து, சாயங்காலம் திரும்ப நுழைகிறவருக்கும் தட்டுவான். மூன்று நாளும் வந்தவர் கடைசியில் ஐந்தாறு பேராகக் கணக்கில் ஏறியிருப்பார்.

படிவத்தில் ஏழாவது கேள்வி: "இந்த நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் இந்த நாட்களில் இங்கே வந்திருப்பீர்களா?" ஒரு வயதான அம்மா. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் மகளைப் பார்க்க வருஷா வருஷம் இந்த மாசம் வர்றதுதானேப்பா. பேரன் கூப்பிட்டான், வந்தேன்." 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அவரோடு வந்திருந்தவர்கள் நான்கு பேர். செலவு எவ்வளவு என்று கேட்டதற்குக் குடும்பம் முழுவதற்குமான தொகையைச் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை புதுப் படிவம் வந்தது. ஏழாவது கேள்வி இல்லை. படிவம் நீளமாக இருக்கிறது, மக்களுக்குப் பொறுமை இல்லை என்றார் மேற்பார்வையாளர். செலவுக் கேள்வி அப்படியே இருந்தது. கடைசியில் அறிக்கை வெளிவந்தபோது, அந்த அம்மா சொன்ன குடும்பச் செலவு ஒரு தலைக்கான செலவாக மாறி, எண்ணியில் விழுந்த தட்டுகளால் பெருக்கப்பட்டிருந்தது. நான் போய்ச் சொன்னேன். "உங்கள் வேலை படிவத்தை நிரப்புவது" என்றார்கள். இந்த வாரம் எனக்குக் கிடைத்ததும் அதே பதில்தான், வேறு வார்த்தைகளில்.

பெருக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை ஏதோ மந்திரம் மாதிரி என் முகத்தில் வீசினார்கள். ஒரு துறை எந்தெந்தத் துறைகளிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணையிலிருந்து அது வருகிறது. அந்த முறையை வளர்த்ததற்காக வாசிலி லியோன்டீஃப் 1973இல் நோபல் பரிசு பெற்றார். முறையில் குற்றமில்லை. ஆனால் அந்த அட்டவணை காட்டுவது சாதாரண நாட்களின் உறவை. விழா நாளில் தங்கும் விடுதி அறை வாடகையை இரண்டு மடங்கு ஆக்குகிறது. அறையைப் பெருக்கித் துடைக்கிறவரின் சம்பளம் இரண்டு மடங்கு ஆகிறதா? கூடுதல் லாபம் உரிமையாளருக்குப் போகிறது, அவர் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறார். பணம் வட்டாரத்துக்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியே கசிந்துவிடுகிறது. வட்டாரம் சின்னதாக இருக்க இருக்க இந்தக் கசிவும் அதிகம்.

எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுவது, வட்டாரம் எதுவரை என்று கணக்குக்காகப் போடும் எல்லைக்கோடு. எல்லையைச் சின்னதாகப் போட்டால் வந்தவர்களில் பெரும்பாலோர் 'வெளியூர்' ஆகிவிடுவார்கள், ஆனால் பெருக்கி சிறுத்துவிடும். பெரிதாகப் போட்டால் பெருக்கி பெரிதாகும், ஆனால் வந்தவர்களில் பலர் 'உள்ளூர்' ஆகிவிடுவார்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். கூட்டத்துக்கு ஒரு எல்லை, பெருக்கிக்கு இன்னொரு எல்லை என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கே இல்லை.

"அப்படியானால் எந்த விழாவுமே நடத்தக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? லாஸ் ஏஞ்சலிஸ் 1984இல் ஏற்கெனவே இருந்த அரங்குகளை வைத்தே பெரும்பாலும் ஒலிம்பிக்கை நடத்தி, கையில் உபரியோடு முடித்தது. அதற்கு எட்டு வருடம் முன்னால் ஒலிம்பிக்கை நடத்திய மான்ட்ரியல், அதனால் விழுந்த கடனை 2006 வரை அடைத்தது. 2014 கால்பந்து உலகக் கோப்பைக்காக பிரேசிலின் மனாஸ் நகரில் 40,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கத்தைக் கட்டினார்கள். கோப்பையில் அங்கே நடந்தது நான்கே ஆட்டங்கள். விழா கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எது லாஸ் ஏஞ்சலிஸ், எது மான்ட்ரியல் என்று கழித்துப் பார்த்தால்தானே தெரியும்?

"மக்களின் மகிழ்ச்சியை எண்ணில் அளக்க முடியுமா?" முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் மகிழ்ச்சிக்காக நடத்தினோம் என்று சொல்லுங்கள், நானும் கைதட்டுகிறேன். வருமானம் என்று சொல்லி ஒரு தொகையைப் போட்டால் அந்தத் தொகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது தெரியுமா?" எத்தனை நாள் வேலை என்று சொல்லுங்கள். ஒரு வாரம் வேலை பார்த்தவரையும் வருடம் முழுக்க வேலை பார்ப்பவரையும் ஒரே வரிசையில் 'ஒரு வேலை' என்று எண்ணுவது, அந்த ஒரு வாரக்காரருக்குச் செய்யும் அநியாயம். எட்டாம் நாள் அவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? பாதையை அடைத்ததால் மூன்று நாள் கடை திறக்க முடியாதவர் அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்? விழாவுக்குப் போன பொதுப்பணத்தில் வேறு என்னென்ன செய்திருக்கலாம் என்பது எந்தப் பக்கத்தில்? நானும் முழுக்கப் படித்தேன். எங்கேயும் இல்லை.

"இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் உண்மையிலேயே வலித்தது. நான் படிவம் நிரப்பியவர்களில் ஒரு ஆள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான் போட்ட குறியும் பொய் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உண்மை சொல்லியும் அறிக்கை பொய்யாக வந்ததே, அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

முதல் நாள் படிவத்தில் ஒரு வெற்றுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வியின் படத்தைக் கீழே போடுகிறேன். அடுத்த விழாவுக்குக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், முழுப் படிவமும் அனுப்புகிறேன்.