செதான் ஃபெயிலானவனுக்கு அப்புறம் யாரு சொல்லித்தர்றது?

தங்கச்சி வீட்டுக்காரர் தாய்லாந்து மஹாச்சாய்ல இருந்து ரெண்டு மாச லீவுல வந்திருந்தார், பதினாலு வருஷமா அங்க மீன் கம்பெனிகளுக்கு ஸ்டீல் தொட்டி, பைப் லைன் வெல்டிங் பண்ற வேலை. நம்ம மோல்மீன்லயே (பர்மாவுல மோன் மாநிலத் தலைநகர்) ஒரு இடத்துல வெல்டர் ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன், ஊர்லயே ஏதாவது அமைஞ்சா பிள்ளைங்க அப்பா முகத்த பாத்து வளருமேன்னு நானே கூட்டிட்டுப் போனேன். ஆபீஸ்ல இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி செதான், அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, பாஸா. அடுத்தது சர்ட்டிபிகேட் இருக்கா. அதோட முடிஞ்சுபோச்சு, ஒரு ஃபார்ம மட்டும் நீட்டினான். இவர் அத வாங்கி என் கையில குடுத்தார், ஏன்னா பர்மீஸ் நல்லா பேசுவார், எழுத வராது, நாலாங்கிளாஸ்ல நின்னு ரப்பர் தோட்டத்துக்கு பால் எடுக்கப் போன மனுஷன்.

வீட்டுல தமிழ், கடைவீதியில பர்மீஸ், பக்கத்து ஊர்க்காரங்களோட மோன், வேலையில தாய். நாலு பாஷை. கோயில் கிளாஸ்ல படிச்ச தமிழ எழுத்துக்கூட்டி வாசிப்பார், டிராயிங்ல இருக்குற தாய் வார்த்தைகளையும் வாசிப்பார். ஆனா நம்ம கணக்குல இவர் படிக்காதவர்.

திரும்பி வர்ற வழியில டீக்கடையில உக்காந்து போன்ல போட்டோ காட்டினார், ஸ்டெயின்லஸ் பைப்ல வெல்டிங் தழும்பு மீன் செதில் அடுக்கின மாதிரி அப்படி ஒரு ஒழுங்கு. இதுல என்ன பெருசுன்னு நான் கேட்டதுக்கு சொன்னார், அக்கா வெளிப்பக்கம் யார் வேணா அழகா போட்டுடுவாங்க, பைப்போட உள்பக்கம் காத்து பட்டுச்சுன்னா அந்த சூட்டுல ஸ்டீல் கருகி சக்கரை உறைஞ்ச மாதிரி பொரிஞ்சிடும், அதுல மீன் அழுக்கு போய் ஒட்டிக்கும், எத்தன தடவ கழுவினாலும் நாறும், அதனால பைப்போட ரெண்டு முனையையும் அடைச்சு உள்ள ஆர்கான் கேஸ் விட்டுட்டுத்தான் வெல்டிங் போடணும். இத யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். ஒரு தாய் மேஸ்திரியாம், மூணு வருஷம் திட்டு வாங்கிக் கத்துக்கிட்டாராம்.

இந்தப் படிப்புக்கு நம்ம மாநிலம் ஒரு க்யாட் கூட செலவு பண்ணல, சரி. ஆனா அந்தப் படிப்போட ஒருத்தன் திரும்பி வந்து வாசல்ல நிக்கும்போது, அவனுக்கு என்ன தெரியும்னு பாக்க நம்மகிட்ட ஒரு வழியும் இல்ல. ஒரு இரும்புத் துண்டக் குடுத்து ஒட்டிக் காட்டுன்னு சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா?

2014 சென்சஸ எடுத்துக்குங்க. மோன் மாநிலத்துல 20 லட்சம் சொச்சம் ஜனம். வெளிநாட்டுல இருக்குறதா வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்தவங்க மட்டும் 4 லட்சத்துக்கு மேல, அதுல பெரும்பாலும் தாய்லாந்து. பர்மாவுல வேற எந்த மாநிலத்துலயும் இவ்ளோ பேர் வெளிய போகல. இது பத்து வருஷத்துக்கும் மேல பழைய கணக்கு, இப்ப ஏன் இன்னும் கூடியிருக்கும்னு நான் எழுதத் தேவையில்ல, ஒவ்வொரு தெருவுலயும் எத்தன ஆம்பளப் பிள்ளைங்க மிச்சம்னு எண்ணிப் பாத்துக்குங்க. 2005ல தன்ல்வின் ஆத்துப் பாலம் திறந்தப்ப இனிமே சரக்கு வரும் கம்பெனி வரும்னு பேசாத ஆள் இல்ல. எனக்குத் தெரிஞ்சு ஊரவிட்டுப் போற பஸ்ல தான் கூட்டம் கூடிச்சு.

இப்ப செதான் விஷயம். நாடு பூரா எழுதுற அந்த ஒரே பரீட்சையில 2020 வரைக்கும் பல வருஷமா மூணுல ஒருத்தர் தான் தேறினாங்க. அப்ப மீதி ரெண்டு பேர்? அவங்களுக்கு 16, 17 வயசுலயே முத்திரை குத்தியாச்சு, டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் கேக்குறதும் அதே செதான் தான், பல கோர்ஸ் கேக்குறதும் அதே தான். நானும் 96ல பாஸ் பண்ணினேன், பெருமையா ஸ்வீட் குடுத்தாங்க வீட்டுல, அந்த வருஷக் கடைசியில யூனிவர்சிட்டிகள மூடினவங்க 2000ல தான் முழுசா திறந்தாங்க. அவேதின்ல, அதாவது தொலைதூரப் படிப்புல, புக் வாங்கி சில நாள் கிளாஸ் போய் ஒரு டிகிரி வாங்கினேன், அந்த டிகிரியோட தையல் ஃபேக்டரிக்குப் போனேன். பாஸ் ஆனவ கதையே இது.

நான் இருந்த ஃபேக்டரியில ட்ரெயினிங்னா என்ன தெரியுமா, புதுசா வர்ற பொண்ணுக்கு காலர் ஒட்டுறது மட்டும் சொல்லித் தருவோம், ரெண்டு வாரத்துல கை ஓட ஆரம்பிச்சிடும். துணி வெளிய இருந்து வரும், டிசைன் வெளிய இருந்து வரும், பட்டன் கூட வெளிய இருந்து தான், நாம வெட்டித் தச்சு பெட்டியில போட்டு அனுப்புவோம். பத்து வருஷம் காலர் ஒட்டின பொண்ணுக்கு ஒரு முழுச் சட்ட தைக்கத் தெரியாது. ஃபேக்டரிய மூடினா அவ கையில என்ன இருக்கு?

ரப்பருக்கு வர்றேன், நம்ம மாநிலத்தோட அசல் சொத்து அது தான், பர்மாவுலயே ரப்பர் அதிகம் இங்க தான். பெரியப்பாவுக்கு மூடோன் பக்கம் நாலு ஏக்கர். பால் வெட்டுறத சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், ராத்திரி ஒரு மணிக்கு நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு கிளம்பணும், வெயில் ஏறுறதுக்குள்ள பால் இறங்கணும். பட்டைய ஒன்ற மில்லிமீட்டர் கனத்துக்கு மேல சீவக்கூடாது, கத்தி ஆழமா போய் மரத்த தொட்டுச்சுன்னா அந்த இடம் புண்ணாகி கட்டி கட்டியா ஆறும், அடுத்த சுத்துல அந்தப் பட்டையில கத்தி ஓடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டணும். ஆனா பங்குக்கு வெட்டுறவர் தினமும் வெட்டுவார், அவருக்கு இன்னைக்கு அரிசி வேணும், மரம் அவரோடது இல்ல. 25, 30 வருஷம் குடுக்க வேண்டிய மரம் அதுல பாதியிலயே காஞ்சிடும்.

அப்புறம் பால ரப்பர் சீட்டா போடுறது. பேட்டரி ஆசிட்ட ஊத்தி உறைய வைப்பாங்க, வடிகட்ட மாட்டாங்க, கிணத்துத் தண்ணியில மண் கலந்தா கலந்தது தான், தடியா தேச்சு ரோட்டோர வேலியில காயப் போடுவாங்க. புரோக்கர் வந்து ஒரு சீட்ட தூக்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிப்பார், நல்ல சீட்னா தேன் கலர்ல ஊடுருவித் தெரியணும், நம்மளோடது சாக்கு மாதிரி இருட்டா இருக்கும், உதட்ட பிதுக்கிட்டு ஒரு விலை சொல்லுவார். அந்த உதட்டப் பிதுக்கல்ல தான் நம்ம மாநிலப் பொருளாதாரமே இருக்கு, நான் விளையாட்டுக்குச் சொல்லல. வெளிநாட்டு மார்க்கெட்ல பர்மா ரப்பர் விலை கம்மியா போறதுக்குப் பெரிய காரணம் தரம். மரம் அதே மரம் தானே, மலேசியாவுலயும் அதே மரம், அங்க பால் வெட்டினதும் நம்ம சனங்க தான். ஆனா அங்க 1925லயே ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வச்சுட்டாங்க, 1965ல தரத்துக்கு எஸ்எம்ஆர்னு (ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்) முத்திரையே கொண்டு வந்துட்டாங்க.

இங்கயும் ஒரு தடவ மூணு நாள் ட்ரெயினிங் நடந்துச்சு. பெரியப்பா போயிட்டு வந்தார், பால வடிகட்டு, சுத்தமான தண்ணியில கரை, ஃபார்மிக் ஆசிட அளந்து ஊத்து, மூணு மில்லிமீட்டர் கனத்துக்கு தேய், நாலஞ்சு நாள் புகை போடு, எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வந்தார். அந்த சீசன்ல நல்ல சீட்டுக்கு நல்ல விலை வந்துச்சு, அத மறுக்க மாட்டேன். ஆனா கூப்பிட்டது யார? தோட்டக்காரங்கள. கத்திய பிடிக்கிறவர யாரும் கூப்பிடல. அவரோட மூணு நாள் கூலிய யாரு குடுப்பா? அதனால சீட் தேறிச்சு, மரம் தேறல, இப்பவும் தினமும் வெட்டு தான்.

வயசு வந்தவங்களுக்கு சொல்லித்தர முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. இதே நாட்டுல 60கள்ல அதோன்லோன்னு ஒரு இயக்கம் நடந்துச்சு, காலேஜ் பிள்ளைங்க லீவுல கிராமம் கிராமமா போய் எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுத்தாங்க, 1971ல யுனெஸ்கோ பரிசே வந்துச்சு. எங்கம்மா பேங்க்ல கைநாட்டு வைக்காம கையெழுத்து போட்டது அதனால தான், பக்கத்து வீட்டுல மண்ணெண்ணெய் விளக்குல உக்காந்து படிச்சாங்களாம். அந்த எழுத்துக்கு மேல ஒரு தொழில் ஏத்துற வேலைய மட்டும் யாரும் செய்யல. யங்கோன்ல 2002ல ஸ்விஸ்காரங்க உதவியோட சிவிடின்னு ஒரு தொழிற்பயிற்சி மையம் ஆரம்பிச்சாங்க, வேலை பாத்துக்கிட்டே தொழில் படிக்கிற முறை, எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அங்க எலக்ட்ரீஷியன் படிச்சு நல்லா இருக்கான். அது யங்கோன்ல.

காசு இல்லன்னு சொல்லுவாங்க. 2013ல வந்த வேலைவாய்ப்பு, திறன் வளர்ச்சி சட்டத்த யாராவது வாசிச்சிருக்கீங்களா, சம்பளச் செலவுல 0.5 சதவீதத்துக்குக் குறையாம முதலாளி திறன் நிதிக்கு கட்டணும்னு அதுல இருக்கு. 500 பேர் இருக்குற ஃபேக்டரியில ஆளுக்கு 2 லட்சம் க்யாட் சம்பளம்னு வைங்க, மாசம் 10 கோடி, அதுல இந்த நிதிக்கு 5 லட்சம். முதலாளி வீட்டு ஜெனரேட்டர் டீசல் காசு. நான் 2020 வரைக்கும் ஃபேக்டரியில இருந்தேன், அந்த நிதியோட பேர ஒருத்தர் வாயில இருந்தும் கேட்டதில்ல. மலேசியாவுல 1993ல இருந்து 1 சதவீதம்.

சொல்லித்தந்தா தாய்லாந்துக்குத் தானே ஓடிடுவான், வீண் செலவுன்னு ஒரு அண்ணன் போன தடவ என்கிட்ட சொன்னார். சொல்லித்தராட்டியும் தான் ஓடுறான் அண்ணே, இறால் உரிக்க ஓடுறான், தெரிஞ்சவன் வெல்டரா போறான், ரெண்டு பேரும் வீட்டுக்கு அனுப்புற காசுல எவ்ளோ வித்தியாசம்னு என் தங்கச்சிகிட்ட கேளுங்க. ஆனா அவர் சொல்றதுல பாதி உண்மைன்னும் ஒத்துக்கிறேன். இங்க குறைஞ்சபட்ச தினக்கூலி 2015ல 3,600 க்யாட், 2018ல 4,800, அப்புறம் 2023 வரைக்கும் அசையவே இல்ல, அப்பவும் 1,000 க்யாட் அலவன்ஸா தான் சேத்தாங்க. இதுக்குள்ள டாலர் 1,300 சொச்சத்துல இருந்து வெளி மார்க்கெட்ல 4,000த்த தாண்டிருச்சு. இந்தக் கூலிக்கு எந்த சர்ட்டிபிகேட்டும் ஒருத்தர ஊர்ல பிடிச்சு வைக்காது. ட்ரெயினிங் மட்டும் குடுத்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல, சம்பளம் ஏறணும், கரண்ட் இருக்கணும், நிம்மதி இருக்கணும், அந்தப் பேச்சு வேணாம், விபிஎன் போட்டு எழுதுறவளுக்கு அந்த அளவு புத்தி உண்டு.

இப்ப நடக்குற ஒரு சின்ன விஷயத்த சொல்லிட்டு விட்டுடுறேன். கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க தமிழ் கிளாஸ் முடிஞ்சதும் நாலு மணிக்கு பெரியவங்களுக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம், ஒன்ற மாசம் ஆச்சு. ஃபார்ம் நிரப்புறது, இன்ச்ச மில்லிமீட்டரா மாத்துறது, சதவீதம், இவ்ளோ தான் இப்போதைக்கு. ஆறு பேர் வந்தாங்க, அதுல ரெண்டு பேர் பிள்ளைங்க உக்காந்த பெஞ்சில உக்காரக் கூச்சப்பட்டு நின்னுட்டாங்க, இப்ப எல்லாருக்கும் தரையில பாய் விரிச்சாச்சு. தங்கச்சி வீட்டுக்காரர் இருந்த நாலு ஞாயிறும் வந்தார், ஒரு வாரம் அவரே கரும்பலகையில பைப் ஜாயிண்ட் வரைஞ்சு விளக்கினார், நான் தான் பக்கத்துல பர்மீஸ்ல பேர் எழுதினேன். போன வியாழக்கிழமை மஹாச்சாய்க்குத் திரும்பிட்டார்.

டிராயிங் வாசிக்கத் தெரிஞ்சவங்க, மோட்டார் வைண்டிங் தெரிஞ்சவங்க யாராவது மோல்மீன் பக்கம் இருந்தா ஞாயிறு ஒரு மணி நேரம் வாங்க. சம்பளம் இல்ல, டீ உண்டு. செதான் பாஸா ஃபெயிலான்னு கேக்க மாட்டோம். கரண்ட் இருக்காது, ஆறு மணிக்குள்ள முடிச்சிடுவோம்.