"ஹைமன் மட்டும் இருந்திருந்தா..."

2025 ஜூன் 17. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. புளோரிடா பேந்தர்ஸ் 5-1 என்று எட்மன்டன் ஆயிலர்ஸை அடித்துத் துவைத்துவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பனித்தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாம் ரைன்ஹார்ட் ஒருவரே நாலு கோல். அந்த நேரம் பார்த்து எங்கள் வாட்ஸாப் குழுவில் எட்மன்டன் ரசிகனான நண்பன், காயத்தால் ஆட முடியாமல் போன தன் அணி வீரரை நினைத்து எழுதினான்: "ஹைமன் மட்டும் இருந்திருந்தா கதையே வேற மச்சான்."

நான் டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன். 1967-க்குப் பிறகு கோப்பையைக் கண்ணால் பார்க்காத கூட்டம் நாங்கள், அதனால் அடுத்தவன் தோற்கும்போது வருகிற சந்தோஷத்தில்தான் பாதி வாழ்க்கை ஓடுகிறது. அதிலும் எட்மன்டன் எங்களுக்குப் பங்காளி முறை. அவர்கள் ஜெயித்துவிட்டால் எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். எனவே கொஞ்சமும் யோசிக்காமல் தட்டினேன்: "ஆடத் தெரியாதவள் தெரு கோணல்னு சொன்னாளாம்."

ஒரு நிமிடம்தான் இருக்கும். ஒரே ஒரு வார்த்தையில் பதில் வந்தது. "ஸ்டோலார்ஸ்."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஹாக்கி பார்க்காதவர்களுக்காக அந்த ஒரு வார்த்தை ஏன் அப்படிக் குத்தியது என்று சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு மே மாதம் இரண்டாவது சுற்றில் இதே புளோரிடாவோடு நாங்கள் மோதினோம் (ஒரு சுற்று என்றால் ஏழு ஆட்டம் வரை போகும், முதலில் நாலு ஜெயிப்பவர் மேலே போவார்). முதல் ஆட்டத்திலேயே புளோரிடாவின் சாம் பென்னட்டின் முழங்கை எங்கள் கோல்கீப்பர் ஆன்டனி ஸ்டோலார்ஸின் தலையில் பட்டது. நடுவர் விசில் ஊதவில்லை. ஸ்டோலார்ஸ் கொஞ்ச நேரத்தில் வெளியே போனார், அந்தத் தொடரில் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. நாங்கள் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்து, அப்புறம் வழக்கம்போல விட்டுக்கொடுத்து, ஏழாவது ஆட்டத்தில் சொந்தத் தளத்தில் 6-1 என்று மண்ணைக் கவ்வினோம். அன்றைக்கு ராத்திரி இதே குழுவில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "ஸ்டோலார்ஸ் மட்டும் இருந்திருந்தா..." அதை அவன் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறான் பாவி.

சரி, அசிங்கப்பட்டாயிற்று. ஆனால் அன்றிலிருந்து இந்த விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எதிரணியின் தோல்விக்குக் காயத்தைக் காரணமாக ஏற்றுக்கொள்ளலாமா, கூடாதா?

முதலில் என் வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்டோலார்ஸுக்குப் பதில் வந்த ஜோசப் வோல் ஆறாவது ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை, 2-0 என்று ஜெயித்தோம். நாங்கள் தோற்ற நாலு ஆட்டங்களில் அடித்த கோல்கள் முறையே 4, 0, 1, 1. கோல்கீப்பர் கோல் அடிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். கடைசி மூன்று தோல்வியிலும் சேர்த்து இரண்டே இரண்டு கோல் அடித்த அணிக்கு வலைக்கு முன்னால் யார் நின்றிருந்தால்தான் என்ன? ஐந்தாவது, ஏழாவது ஆட்டங்களில் நாங்கள் ஆறு ஆறு கோல் வாங்கியது கணக்கில் இல்லையா என்று கேட்கலாம், இருக்கிறது, ஆனால் ஸ்டோலார்ஸ் நின்று பாதியைத் தடுத்திருந்தாலும் ஒரு கோலை வைத்துக்கொண்டு எதைக் கிழித்திருப்போம்? இதை எழுத எனக்கு வலிக்கிறது.

இப்போது ஹைமனுக்கு வருவோம். ஸாக் ஹைமன் எங்களிடம் ஆறு பருவம் ஆடிவிட்டு 2021-ல் எட்மன்டனுக்குப் போனவர் (அது தனிப் புண், இன்னொரு நாள் பேசலாம்). 2024 பிளேஆஃபில் (பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) மட்டும் 16 கோல். 2025-ல் டல்லாஸுடனான தொடரின் நாலாவது ஆட்டத்தில் மேசன் மார்ச்மென்ட் மோதியதில் மணிக்கட்டு மூட்டு விலகி, அறுவைச் சிகிச்சை, இறுதிச் சுற்றுக்கு இல்லை. வலைக்கு முன்னால் போய் நின்று அடி வாங்கிக்கொண்டே பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தட்டி உள்ளே தள்ளுகிற ஆள் அவர். எட்மன்டனின் நட்சத்திரங்கள் மெக்டேவிட்டும் டிரைசைட்டிலும் வித்தை காட்டலாம், ஆனால் மூலையில் போய்ப் பக்கைப் பிடுங்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அந்த வேலைக்கு மாற்று ஆள் சுலபத்தில் கிடைக்காது. ஆக நண்பன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் இறுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் புளோரிடா அடித்தது 28 கோல். எட்மன்டன் கோல்கீப்பர் ஸ்டுவர்ட் ஸ்கின்னரை இரண்டு ஆட்டத்தில் பாதியில் மாற்றினார்கள், ஐந்தாவது ஆட்டத்தை மாற்று கோல்கீப்பர் பிக்கார்டை வைத்துத் தொடங்கினார்கள், கடைசியில் எதுவும் உதவவில்லை. ஒரு முன்கள வீரர் இல்லாததால் 28 கோல் வாங்கினோம் என்பதை எப்படி ஒத்துக்கொள்வது? "ஹைமன் இருந்தால் பக் அவர்கள் பக்கமே கிடக்கும், நம் வலைக்கு வராது" என்றான் நண்பன். அது ஓரளவுக்கு நியாயம்தான். 28-க்குப் பதில் 24 என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஹைமன் இல்லாமல்தான் நாலாவது ஆட்டத்தில் 3-0 பின்தங்கி இருந்து எழுந்து ஓவர்டைமில் 5-4 என்று ஜெயித்தார்கள் என்பதையும், முந்தைய ஆண்டு ஹைமன் முழுசாக ஆடியும் ஏழாவது ஆட்டத்தில் இதே புளோரிடாவிடம் 2-1 என்று தோற்றார்கள் என்பதையும் சொன்னேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை, ஒரு பூனைப் படத்தை அனுப்பினான்.

இந்த வாதத்தில் இரண்டு பேரும் மறந்த ஆள் ஒருவர் இருக்கிறார். புளோரிடாவின் மாத்யூ கச்சக். 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டியில் அடிபட்டு, பருவத்தின் கடைசிப் பகுதி முழுவதும் வெளியே உட்கார்ந்து, நேராக பிளேஆஃபுக்கு வந்தவர். கோப்பை கைக்கு வந்த பிறகுதான் தொடைத் தசை எலும்பிலிருந்தே கிழிந்து போயிருந்தது, கூடவே ஹெர்னியாவும் இருந்தது என்று வெளியே வந்தது. அந்த மனிதன்தான் ஆறாவது ஆட்டத்தில் இரண்டாவது கோலை அடித்தார். எட்மன்டன் ஒரே ஒரு கோல்தான் போட்டது என்பதால் கணக்குப்படி கோப்பையை வென்று கொடுத்த கோலே அதுதான்.

யோசித்துப் பாருங்கள், புளோரிடா தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கச்சக் ஒற்றைக் காலில் ஆடினான், இல்லாவிட்டால் நாங்கள்தான்" என்று அவர்கள் ரசிகர்கள் சொல்லியிருப்பார்கள். நாம் சிரித்திருப்போம். ஜெயித்ததால் அதே காயம் வீரமாகிவிட்டது. 2023-ல் நடந்ததும் அதுதானே? வேகாஸுக்கு எதிரான இறுதிச் சுற்றில் இதே கச்சக்குக்கு மார்பெலும்பு உடைந்திருந்தது, கடைசி ஆட்டத்துக்கு வரவே முடியவில்லை, 9-3 என்று தோற்றார்கள். அப்போது அது "சாக்கு". இரண்டு வருடத்தில் "தியாகம்".

ஜெயித்த அணியின் காயத்தை யாரும் எண்ணுவதில்லை, எனக்கு உறுத்துவது இதுதான். 2017-ல் பிட்ஸ்பர்க் கோப்பை வாங்கியது, தங்கள் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் கிரிஸ் லெட்டாங் பிளேஆஃபில் ஒரு நிமிடம்கூட ஆடாமல். முதல் சுற்றின் முதல் ஆட்டத்துக்குத் தயாராகும்போதே கோல்கீப்பர் மரேக்கு அடிபட்டு, பெஞ்சில் உட்கார வேண்டிய ஃப்ளூரி வந்து இரண்டு சுற்றைத் தூக்கிச் சுமந்தார். (ஸ்டோலார்ஸ் ஸ்டோலார்ஸ் என்று ஒப்பாரி வைத்த எனக்கு இது நினைவுக்கு வராமல் போனது தற்செயல் இல்லை.) அந்த இறுதிச் சுற்றில் நாஷ்வில் பக்கம் ரயன் ஜோஹான்சன் இல்லை, அந்தக் குறையை அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். லெட்டாங்கைப் பற்றிப் பேச பிட்ஸ்பர்க் ரசிகர்களுக்குத் தேவையே வரவில்லை. 2020-ல் டாம்பாவின் கேப்டன் ஸ்டாம்கோஸ் பிளேஆஃப் முழுக்க ஆடியது இரண்டே முக்கால் நிமிடம், அதில் ஒரு கோல் போட்டுவிட்டுப் போனார், கோப்பை வந்துவிட்டது.

காயத்தையே நம்ப முடியாமல் போனதும் ஒரு கதை. 2021-ல் இதே டாம்பாவின் குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சை என்று வழக்கமான பருவத்தின் 56 ஆட்டத்தையும் தவறவிட்டு, பிளேஆஃபின் முதல் நாள் வந்து இறங்கி 23 ஆட்டத்தில் 32 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தார். நீண்டகாலக் காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளத்துக்கு ஈடாக அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம், பிளேஆஃபில் அப்போது உச்சவரம்பே கிடையாது, எனவே வரம்பைவிட 1.8 கோடி டாலர் கூடுதலான அணியோடு ஆடினார்கள், போதாக்குறைக்கு அவர் அதையே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு கோப்பையைக் கொண்டாடினார். 2025-26 பருவத்திலிருந்து பிளேஆஃபுக்கும் வரம்பு வந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு யார் "காயம்" என்றாலும் என் புருவம் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அணிகளும் அதற்கு ஏற்றாற்போல் "மேலுடல் காயம்", "கீழுடல் காயம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அடிபட்ட இடம் தெரிந்தால் எதிராளி அங்கேயே அடிப்பான் என்ற பயம். எனவே ரசிகர்கள் போடும் சண்டை எல்லாம் பாதி இருட்டில் போடும் சண்டை.

பாஸ்டன் வீரர் பெர்ஜரோன் விஷயத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2013 மே 13, பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், மூன்றாவது பகுதியில் நாங்கள் 4-1 முன்னிலை. அதற்கு மேல் விவரிக்க மாட்டேன். கடைசி நிமிடத்தில் சமன் செய்ததும், ஓவர்டைமில் முடித்ததும் பாட்ரிஸ் பெர்ஜரோன். அந்த மனிதனை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதைச் சொன்னால் என் அம்மா வருத்தப்படுவார். ஜூன் 24 அன்று சிகாகோ 17 விநாடி இடைவெளியில் இரண்டு கோல் போட்டு பாஸ்டனிடமிருந்து கோப்பையைப் பறித்தபோது நான் சோபாவில் குதித்தேன்.

பிறகு செய்தி வந்தது. பெர்ஜரோனுக்கு விலா எலும்பு உடைந்திருந்தது, குருத்தெலும்பு கிழிந்திருந்தது, தோள் மூட்டு விலகியிருந்தது, நுரையீரலில் ஓட்டை. அத்தோடு அந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார். அதே அணியின் கிரெகரி கேம்பெல் முந்தைய சுற்றில் பிட்ஸ்பர்க்கின் மால்கின் அடித்த பக்கைக் காலால் தடுத்து, கால் எலும்பு உடைந்த பிறகும் நொண்டிக்கொண்டே பனித்தளத்தில் நின்றதை நேரலையில் பார்த்திருக்கிறேன், அன்றைக்கும் எதிரிதானே என்று இருந்துவிட்டேன். நுரையீரல் செய்தி வந்த அன்று அப்படி இருக்க முடியவில்லை.

பாஸ்டன் ரசிகர் ஒருவர் என்னிடம் "பெர்ஜரோன் முழுசாக இருந்திருந்தால்" என்றார். நான் உடனே சிகாகோ பட்டியலை எடுத்தேன், ஹோஸா முதுகு வலியில் ஒரு ஆட்டத்துக்கே வரவில்லை, சமன் செய்த கோலை அடித்த பிக்கெல்லுக்கு முழங்கால் தசைநார் பழுது. வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். அவர் "சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதற்காக அதைச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் என்னிடம் கோப்பையைக் கேட்கவில்லை. தன் ஆளுக்கு வலித்தது என்று சொல்ல வந்திருக்கிறார், நான் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இப்போது படுவது இதுதான். காயம் முடிவை மாற்றும், அதை இல்லை என்று சொல்பவன் ஹாக்கி பார்த்ததே இல்லை. கோப்பைக்குப் பதினாறு வெற்றி வேண்டும், இரண்டு மாதம், ஒன்று விட்டு ஒரு நாள் ஆட்டம், அத்தனை அணியிலும் பாதிப் பேர் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள், அதில் யாருக்கு எங்கே உடைகிறது என்பதில் அதிர்ஷ்டமும் பாதி. ஆனால் அதை மனசாட்சியோடு சொல்ல வேண்டுமென்றால் உன் பக்கம் உடைந்ததை எண்ணுகிற அதே வாயால் எதிராளி பக்கம் உடைந்ததையும் எண்ண வேண்டும். எண்ண மனசு வரவில்லையா, பேசாமல் இரு. இதில் நானும் சேர்த்தி. 2021-ல் மாண்ட்ரியலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எங்கள் கேப்டன் டவாரஸ் தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனதை நாலு வருடமாகச் சாக்காக வைத்து ஓட்டியிருக்கிறேன், அதற்குப் பிறகு அவர் இல்லாமலேயே தொடரில் 3-1 என்று முன்னிலை எடுத்துவிட்டுத்தான் கோட்டை விட்டோம் என்பதை ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டு.

இதையெல்லாம் யோசித்து ஒரு வாரம் கழித்து நண்பனுக்குத் தனியாக எழுதினேன். "ஹைமன் இருந்திருந்தா ஏழாவது ஆட்டம் வரைக்கும் போயிருக்கும்டா. நான் ஒத்துக்கறேன்."

இரண்டு நீலக் கோடும் விழுந்தது. நீண்ட நேரம் எதையோ எழுதிக்கொண்டே இருந்தான். நெகிழ்ந்துவிட்டான் போல என்று நினைத்தேன்.

"நன்றி மச்சான். ஸ்டோலார்ஸ் இருந்திருந்தாலும் நீங்க தோத்திருப்பீங்க."