ஹெட்லைட் ஒயர் வழியாகவும் கார் திருடு போகும்

கார் ஹேக்கிங் என்றதும் எங்கோ உட்கார்ந்துகொண்டு நம் வண்டியை ஆட்டுவிக்கும் ஆள்தான் நினைவுக்கு வருகிறான். அது நடக்காததல்ல. 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை மொபைல் நெட்வொர்க் வழியாகவே முடக்கிக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆனால் திருடர்களுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை.

வண்டிக்குள் இன்ஜின், பிரேக், கதவு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உண்டு. அவை பேசிக்கொள்வது 'கேன் பஸ்' எனும் இரட்டை ஒயரில். 1980களில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வடிவமைத்தது. வழக்கமான கேன் செய்தியில் ஓர் அடையாள எண், அதிகபட்சம் 8 பைட் தரவு, பிழை பார்க்கச் சில பிட்கள், அவ்வளவுதான். அனுப்பியது யார் என்று சரிபார்க்க வழியே இல்லை. சில மாடல்களில் பம்பரை ஓரமாக இழுத்தால், இதே ஒயரோடு இணைந்த ஹெட்லைட் கனெக்டர் கைக்கு எட்டிவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கருக்குள் மறைத்த ஒரு சிறு கருவியை அங்கே செருகி, 'சாவி சரிதான்' என்று பொய்ச் செய்தி அனுப்பினால் கதவு திறக்கும், இன்ஜினும் கிளம்பும். கார் மின்னணுப் பாதுகாப்பு நிபுணர் கென் டிண்டெல் 2023இல் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதினார்.

தீர்வு தெரியாமல் இல்லை. ஒவ்வொரு செய்தியோடும் ரகசிய டிஜிட்டல் சாவியால் கணக்கிட்ட முத்திரை ஒன்றும், பழைய செய்தியை மறுபடி ஓட்டாமல் தடுக்க ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்றும் சேர்க்க வேண்டும். 8 பைட்டுக்குள் அதற்கு இடம் நெருக்கடி, பெட்டிக்குப் பெட்டி அந்த டிஜிட்டல் சாவியைப் பத்திரமாக வைக்கும் சிப் வேண்டும், செலவு கூடும். அதற்காகத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாகன சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் ஆர்155 விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில், 2024 ஜூலை முதல் எல்லாப் புது கார்களுக்கும் பொருந்துகிறது. அதற்கு முன்பே சாலைக்கு வந்தவை? எத்தனை வருடம் மென்பொருள் அப்டேட் தருவோம் என்று விற்கும்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் வர வேண்டும்.

சாலைச் சந்திப்புகளில் உள்ள போக்குவரத்து சிக்னல்களும் இதே கதைதான். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த சிக்னல் வலையமைப்பில் ரேடியோ இணைப்புக்கு என்கிரிப்ஷன் இல்லை, பாஸ்வேர்டும் கம்பெனி போட்டுக் கொடுத்ததே. ஒன்றையொன்று குறுக்கிடும் திசைகளில் ஒரே நேரத்தில் பச்சை எரியவிடாமல் தடுத்தது மென்பொருளல்ல, தனியாக இருந்த ஒரு வன்பொருள் பெட்டி. அந்தப் பெட்டியை எந்த 'ஸ்மார்ட்' திட்டத்திலும் கழற்றக் கூடாது.

வண்டி வைத்திருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியவை: சாவியைக் கையில் எடுக்காமலே கதவு திறக்கும் கீலெஸ் வசதியை மெனுவில் அணைக்க முடிந்தால் அணையுங்கள். சிக்னல் மறைக்கும் பையில் சாவியைப் போட்டால், பையோடு கதவருகே நின்று திறக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேர் சாவிக்கும் பை வேண்டும். இவை சாவி சிக்னலை நீட்டித்துத் திருடுவதைத்தான் தடுக்கும், ஹெட்லைட் வழியை அல்ல. அதற்கு ஸ்டியரிங் பூட்டு போடுங்கள். மெக்கானிக்குகள் வண்டியைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஓபிடி போர்ட்டில் செருகிய டாங்கிளை (சிறு கருவியை) வேலை முடிந்ததும் கழற்றுங்கள். பழைய கார் வாங்கினால் திரையை ரீசெட் செய்வதோடு நிற்காமல், முந்தைய உரிமையாளரின் ஆப் கணக்கு கம்பெனி சர்வரில் நீக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் போனில் உங்கள் வண்டி நிற்கும் இடம் தெரிந்துகொண்டே இருக்கலாம்.