பெண்கள் கையில் வயல், ஆனால் விற்க முடியாது

இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில், தாய்வழி மரபுள்ள மினாங்கபாவ் மக்களின் கிராமங்களில் நிலம் பெண்களுக்கே சொந்தம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் அது பாதிதான். 'புசாகா திங்கி' எனப்படும் பரம்பரை வயல் தாய்வழிக் குடும்பம் முழுவதற்கும் பொது. மகள் பயிர் செய்து சாப்பிடலாம், விற்க முடியாது. அடகு வைக்கக்கூட தாய்மாமன் உட்பட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதற்கும் மரபு ஒப்புக்கொள்வது நாலே காரணங்கள்: வயது வந்த பெண்ணின் கல்யாணம், வீட்டில் சாவு, குடும்பத்தின் பெரிய வீடு ஒழுகுவது, விட்டுப்போன குலத்தலைவர் பட்டத்தை மீண்டும் கட்டுவது. அடகை வழக்கமாகத் தங்கக் கணக்கில்தான் பேசுவார்கள். அந்தத் தங்கத்தைத் திருப்பித் தரும்வரை விளைச்சல் அடகு பிடித்தவருக்கு. மீட்க வசதியில்லாத குடும்பத்தின் கதியைக் கட்டுரை தொடவே இல்லை.

அப்புறம், சொந்தமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு. அது இஸ்லாமிய வாரிசு முறைப்படி மகன்களுக்கும் போகும்.

எனக்குக் கவலை பத்திரத்தைப் பற்றித்தான். இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டம் தனி ஆள் பெயரிலும் உரிமை பதிய இடம் தருகிறது. பொது வயலை ஒருவர் பெயரில் மட்டும் பதிந்தால், அவர் விற்றுவிட்டுப் போக வழி பிறக்கும். பதிவதானால் பங்குள்ள அத்தனை பெண்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.