நாம பார்க்காத வெயிலா?

ஆஸ்திரேலியாவின் நடுவே பாலைவனத்தில் நிற்கும் பெரிய சிவப்புப் பாறையான உலுருவுக்குப் போய்வந்த படங்களைப் போட்டதும் எங்கள் சிட்னி வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் கேள்வி இது: "மேல ஏறவே விடமாட்டாங்களாமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?"

கேட்டவர் திருவண்ணாமலைக்காரர். ஊரில் இருந்தவரை பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர். மலையைச் சுற்றி நடப்பது எதற்கு என்று அவருக்கு நான் விளக்க வேண்டுமாம்!

உலுருவைச் சுற்றிவர 10.6 கிலோமீட்டர். அங்குள்ள பூர்வகுடி மக்களின் பெயர் அணங்கு. (நம் சங்க இலக்கிய அணங்கு போலவே ஒலிக்கிறது. தற்செயல்தான், உடனே குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்.) 1985 அக்டோபர் 26 அன்று அரசு அந்த நிலத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக நடத்த 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். தயவுசெய்து ஏறாதீர்கள் என்று பல வருடங்கள் கேட்டுப் பார்த்தார்கள். 2019-இல் அதே அக்டோபர் 26 அன்றுதான் ஏறும் வழியை மூடினார்கள். அடிவாரத்தில் சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கிறது. கருவறையில் கேமராவை நீட்டாத நமக்கு இது புரியாதா? குனியா என்ற மலைப்பாம்புப் பெண் சண்டையிட்ட தடங்கள் என்று பாறையில் காட்டுகிறார்கள். தல புராணம் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் அந்நியமாக எதுவும் இல்லை.

சரி, அவரை மட்டும் சொல்வானேன். என் கதைக்கு வருகிறேன்.

முதல் தடவை போனது டிசம்பரில், பள்ளி விடுமுறை என்பதால். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் விமானத்தை விட்டு இறங்கினால் உலுரு பக்கத்தில்தான் என்று நினைத்திருந்தேன். சுமார் 450 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து மதுரை தூரம், நடுவில் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் 'ரோட்ஹவுஸ்கள்' விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுநாள் அதே பூங்காவில் உள்ள கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளில் 'காற்றுகளின் பள்ளத்தாக்கு' நடைக்குப் போனோம். 36 டிகிரியோ அதற்கு மேலோ போகும் என்று முன்னறிவிப்பு இருந்தால், காலை 11 மணிக்கு மேல் முதல் பார்வையிடத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் போய்ச் சேர்ந்ததே பதினொன்றரைக்கு. "நான் வேலூர்க்காரன், நாம பார்க்காத வெயிலா?" என்று மனைவியிடம் தமிழில் புலம்பினேன். அங்கிருந்த ரேஞ்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? நான்கு பேருக்கு இரண்டு பாட்டில். அந்த வெயிலில் நடந்தால் ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேண்டுமாம். பேசாமல் திரும்பினோம்.

யோசித்துப் பார்த்தால், வேலூரில் கத்திரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் எங்கே நடந்தேன்? கதவைச் சாத்திக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் படுத்திருப்போம். வெயிலைத் தாங்குகிறவர்கள் இல்லை நாம், அதனிடமிருந்து ஒளியத் தெரிந்தவர்கள். விமானம் ஏறும்போது அந்தப் புத்தியை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டு, வீறாப்பை மட்டும் எடுத்து வந்துவிடுகிறோம். போதாததற்கு, பாலைவன வெயில் வேறு மாதிரி. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பு வற்றுவதே தெரியாது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி கேட்கிறேன்: "புஷ்வாக்கிங் (காடுமேடாக நடப்பது) எல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்." 1860-களிலிருந்து இந்தப் பாலைவனத்தில் ஒட்டகங்களோடு சரக்கு சுமந்து நடந்தவர்கள் ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்துப் பகுதி ஆட்கள். எல்லோரையும் பொதுவாக 'ஆப்கன்' என்றே அழைத்தார்கள். அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் 'கான்' ரயிலின் பெயர் அவர்களால் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க ஆஸ்திரேலியாவின் 1903 குடியுரிமைச் சட்டம் இடம் தரவில்லை. ரயிலுக்குப் பெயர் கொடுக்கலாம், ஓட்டுப் போடக் கூடாது! ரோட்ஹவுஸில் ஒருவர் என்னிடம் "சரி, நிஜத்தில் எந்த ஊர்?" என்று இரண்டாம் தடவை கேட்டபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

இந்த வருடம் ஜூலையில் போனோம். விடிவதற்கு முன்பே கிளம்பி உலுருவைச் சுற்றி முடித்தோம். செருப்பைக் கழற்றவில்லை, ஸ்பினிஃபெக்ஸ் புல் ஊசி மாதிரி குத்தும். போகிறவர்கள் முகத்துக்கு ஈ வலை வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்யத்தைத் தொடும், குரங்குக் குல்லாவும் வேண்டும். நான் கூச்சப்படாமல் போட்டுக்கொண்டேன். பக்கத்து டென்ட்காரர் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.