முட்டையை விடுங்கள், சேவலைப் பேசுவோம்

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்த்து, அது இடும் முட்டையைச் சாப்பிடுவதில் என்ன பாவம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட நேர்மையான சாப்பாடே உலகத்தில் கிடையாது என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் கோழி வளர்க்கிறவள் நான். எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

என் அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இப்போது வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாள். பண்ணை முட்டை வேண்டாம் என்றால் சரி, நம் வீட்டுக் கோழி முட்டையில் என்ன வந்தது என்று எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்த்து, "அத்தை, எடுத்துக்கங்கன்னு கோழி சொல்லுச்சா?" என்றாள். நான் கறியை விட்டு வெகுகாலம் ஆகிறது, முட்டையை விடவில்லை. அதனால் கேள்வி என் தட்டில்தான் வந்து விழுந்தது.

முட்டைக்கு உயிர் இருக்கிறதா என்ற பஞ்சாயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். சேவல் இல்லாவிட்டாலும் கோழி முட்டையிடும், அதில் குஞ்சு வராது. சேவல் கூடத் திரிந்தால் கரு கூடியிருக்கும், ஆனால் 21 நாள் சூடு கிடைத்தால்தான் அது குஞ்சு. இட்ட அன்றே எடுத்து ஆம்லெட் போட்டதில் ஒரு உயிர் துடித்தது என்று என்னால் சொல்ல முடியாது. என் மருமகளும் அப்படிச் சொல்லவில்லை.

அவள் சொன்னது வேறு, கொஞ்சம் கனமானது. கோழிகளுக்கெல்லாம் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி வருடத்துக்குச் சுமார் 10 முதல் 15 முட்டைதான் இடும், இனம் பெருக அது போதும். பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெக்ஹார்ன் வகைகள் 300க்கு மேல் இடுகின்றன. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் போதவில்லை என்றால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், எலும்பு நொறுங்கும். மனிதன் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து உண்டாக்கிய உடம்பு அது. அந்தக் கோழியைக் கூண்டிலிருந்து மீட்டு நம் கொல்லையில் விட்டு, தினமும் தடவிக் கொடுத்தாலும் அதன் உடம்பு மாறப்போவதில்லை. ஆக, நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால் எந்தக் கோழியை என்ற கேள்வி இருக்கிறது. ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி என்று நம்பி வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, வளர்ப்பைப் பொறுத்தது இல்லை. கூண்டுக்குள்ளும் பழுப்பு முட்டை உண்டு.

எங்கள் கொல்லையில் இருப்பது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை. வருடத்துக்கு 60, 70, நல்ல கோழியாக இருந்தால் 80. காட்டுக்கோழியைவிட அதிகம்தான், ஆனால் உடம்பு தாங்குகிறது. பகலெல்லாம் வைக்கோல் போரையும் எருக்குழியையும் கிளறும். கருக்காய் நெல்லும் குருணையும் சாயங்காலம் நான் போடுவேன். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் மொய்க்கிற மொய்ப்பைப் பார்க்கவேண்டும். உடைத்த ஓட்டை நொறுக்கித் தீனியில் கலந்துவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சலுக்குக் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டுவிடுகிறேன், அது போடாவிட்டால் ஒரே வாரத்தில் கூடே காலி. இவ்வளவும் செய்தாலே ஊரில் நல்ல வளர்ப்பு என்று சொல்லிவிடுவார்கள். நானும் அங்கேயே நின்றிருப்பேன், கோழிக்கு அடை, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து பொரிக்கிற வேகம், வராமல் இருந்தால்.

ஒரு ஈடு முட்டை இட்டு முடித்ததும் சிறுவிடைக்கு அடை வந்துவிடும். குரல் மாறும். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். கூடையைவிட்டு நகராது, ஒரு வாய் தீனிக்கு இறங்கி ஓடிவந்து மறுபடி உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் முட்டை கிடையாது. முட்டைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு அது நஷ்டக் கணக்கு. அதனால் அடை தெளியவைக்க ஊரில் கைவைத்தியம் உண்டு: தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடுவார்கள். செய்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, அந்தக் கோழிக்கே காய்ச்சல் என்றால் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிப் புகட்டுகிறவர்கள்தான். ஆனால் ஒரு கோழி தன் வாழ்க்கையில் ஏதாவது ஒன்றைப் பிடிவாதமாகக் கேட்கிறது என்றால் அது இந்த உட்காருதலைத்தான். அதைக் கெடுத்துவிட்டு, என் கோழி சந்தோஷமாக இருக்கிறது என்று படம் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, கெடுக்கவேண்டாம், அடை வைத்துவிடலாம் என்றால்தான் நிஜச் சிக்கல் ஆரம்பிக்கிறது. பொரிக்கிற குஞ்சுகளில் பாதி சேவல்.

பருந்து, கீரிப்பிள்ளை, பாம்பு எல்லாம் தன் பங்கை எடுத்தது போக மிஞ்சுவதிலும் பாதி சேவல்தான். எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். மற்றவை வளர்ந்ததும் ஒன்றையொன்று கொத்திக் கொண்டை கிழியும், கோழிகளை ஓட ஓட விரட்டும். அப்புறம் என்ன நடக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒன்று காளியம்மனுக்கோ முனீஸ்வரனுக்கோ நேர்ந்துவிட்டது. ஒன்று தீபாவளிக்கு. ஒன்று மாப்பிள்ளை வந்த அன்று. என்னைப்போல முட்டையோடு நிறுத்திக்கொண்டவர்கள் யாராவது கேட்டால் வளர்க்கக் கொடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரிக்கமாட்டோம்.

கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று 2003இல் அரசு கறாராக உத்தரவு போட்டபோது ஊர் ஊராகக் கொதித்தார்கள். 1950ஆம் வருடத்துச் சட்டம் அது, 2004இல் அதையே நீக்கவேண்டி வந்தது. அந்த நேரத்தில் சாமி முன்னால் அறுபடும் சேவலுக்காகப் பேசியவர்களில் பலர் காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அந்த முட்டைக்குப் பின்னாலும் ஒரு சேவல் இருந்தது. பண்ணை என்றால் அதற்குச் சேவலாகும் வயதே வராது. முட்டை இனத்துச் சேவல் குஞ்சு கறிக்கும் உதவாது என்று பொரித்த அன்றே அழித்துவிடுவதுதான் உலகம் முழுக்க அந்தத் தொழிலின் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்திருக்கிறது.

கிழட்டுக் கோழி விஷயத்தில் ஊர் பரவாயில்லை என்றே சொல்வேன். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் முட்டை குறைந்துவிடும், ஆனால் ஏழெட்டு வருடம்கூட உயிரோடு இருக்கும். அடைக்கு உட்காரவும் குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றவும் கிழவிதான் கெட்டிக்காரி என்பதால் பல வீடுகளில் விட்டுவைப்பார்கள். கருணை பாதி, கணக்கு பாதி.

கணக்கு என்றதும் ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு கோழி வருடத்துக்கு 70 என்று மூன்று வருடம் நன்றாக இட்டால் 210 முட்டை. அதற்கப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இடுவதை விட்டுவிடுவோம். அந்தக் கோழியை ஏழு வருடம் வைத்துக் காப்பாற்றவேண்டும். பொரிப்பதில் பாதி சேவல் என்பதால், கோழிக்கு ஒன்று என்று அதோடு பொரித்த ஒரு சேவலையும் கழுத்தில் கைவைக்காமல் ஏழு வருடம் காப்பாற்றவேண்டும். மொத்தம் 14 வருடத் தீனி. 210ஐ 14ஆல் வகுத்தால், ஒரு வருடத் தீனிக்கு 15 முட்டை. சுற்றிச் சுற்றிக் காட்டுக்கோழியின் கணக்குக்கே வந்து நிற்கிறது! மேய்ச்சல் போக நாளுக்கு 50 கிராம் தானியம் போட்டாலும் வருடத்துக்கு 18 கிலோ ஆகிறது. கிலோ 25 ரூபாய் என்று வைத்தால் 450 ரூபாய், முட்டை ஒன்றுக்கு 30 ரூபாய். இதில் ஊசியும் இல்லை, என் உழைப்பும் இல்லை. சந்தையில் நாட்டு முட்டை ஏறக்குறைய இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மீதிப் பாதியைச் சேவல் கறியாகிக் கட்டுகிறது.

என் மருமகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப விட்டுடுங்க அத்தை" என்றாள், அவ்வளவு சுலபமாக. அவள் முன்னால் இருந்தது சாம்பார் சாதம். டெல்டாவில் விளைந்த அரிசி. குறுவையோ சம்பாவோ, பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் எலிக்கு ஆள் கூப்பிடாத மிராசுதாரும் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை. மூங்கிலை வளைத்துச் செய்த கிட்டியைச் சாயங்காலம் வரப்பு ஓரம் வைத்துவிட்டு வருவார்கள், விடிந்தால் எலி கழுத்து மாட்டித் தொங்கும். தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண்மைத் துறைக்காரர்களே பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது. வீகன் ஆனாலும் இந்தத் தட்டிலிருந்து தப்ப முடியாது. ஆனால் இதைச் சொல்லி அவள் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. எலி செத்ததால் சேவலும் சாகலாம் என்று ஆகிவிடாது. உயிர்ச் சேதமே இல்லாத தட்டு என்று ஒன்று இந்த ஆற்றுப் பாசனத்தில் கிடையாது, அதனால் கொல்லை முட்டைக்கு அந்தப் பட்டம் கொடுக்கவேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த விசாரணை கொல்லை உள்ளவர்களுக்கு. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது. இன்று வாரத்தில் ஐந்து நாள் கிடைக்கிறது. நாமக்கல் கூண்டில் ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாமல் நிற்கும் கோழி இட்டதாகவே அது இருக்கும். அந்தக் கூண்டு மாறவேண்டும், 2017இல் சட்ட ஆணையமும் தன் 269ஆவது அறிக்கையில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறது. மாறும்வரை அந்த முட்டையைச் சாப்பிடாதே என்று நடவுக் கூலிக்காரர் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதேபோல, மூன்று சென்ட் மனையில் நாலு கோழி வளர்த்து, முட்டையும் சேவலும் விற்றுச் சிறுவாடு சேர்க்கிற பெண்ணிடம் போய் என் 30 ரூபாய்க் கணக்கை நீட்டவும் மாட்டேன். கல்யாணம், காதுகுத்து, பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் என்று வீட்டுக்காரரிடம் கை நீட்டாமல் அவள் எடுக்கிற காசு அது. நான் கேட்பது நிலமும் சம்பளமும் இருந்து, ஆசைக்கு வளர்த்து, அதற்கு மேல் மனசாட்சிச் சான்றிதழும் எதிர்பார்க்கிறவர்களை. அதாவது என்னை மாதிரி ஆட்களை.

நான் முட்டையை விடப்போவதில்லை. ஒவ்வொரு கோழியையும் ஒருமுறையாவது அடைக்கு விடுவேன், ஆனால் பன்னிரண்டு பதினைந்து என்று வைக்காமல் மூன்று நாலு முட்டையோடு. மற்ற நேரத்தில் அடை வந்தால் காற்றோட்டமான இடத்தில் தீனி தண்ணீரோடு சில நாள் தனியே வைத்தால் தானே தெளிந்துவிடும், முக்கி எடுக்கவேண்டியதில்லை. வருகிற சேவல்களை வைத்துக்கொள்வேன். கோழிகளோடு விடாமல் தனிக் கொட்டகையில் சேர்ந்தே வளர்ந்தால் சேவல்கள் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. கொட்டகை போடும் செலவைக் கேட்டு வீட்டுக்காரர் முகம் போன போக்கைத் தனிப் பதிவாகத்தான் எழுதவேண்டும். முட்டை குறையும். தினமும் சாப்பிடுவது வாரத்துக்கு ஒன்றிரண்டாகும், அது போதும் என்றே நினைக்கிறேன். மருமகளுக்கு இது இன்னும் சம்மதமில்லை. இதுவும் கொள்ளைதான், நீங்கள் வட்டியை மட்டும் குறைத்திருக்கிறீர்கள் என்கிறாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கொல்லையில் கோழி வைத்திருக்கிறவர்கள் உங்கள் வீட்டுச் சேவல்களை என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். யாரிடமோ வளர்க்கக் கொடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.